ஃபைபர் டெக்னீஷியன் வேலைக்குச் சேரும் முன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

திண்டுக்கல்_இஎம்:

வணக்கம் அண்ணன்மாரே. ஐடிஐ-யில் எலக்ட்ரானிக் மெக்கானிக் இரண்டு வருடம் முடித்திருக்கிறேன். கேபிள் டிவியும் இன்டர்நெட்டும் சேர்த்துக் கொடுக்கும் ஒரு உள்ளூர் நிறுவனத்தில் ஃபீல்டு டெக்னீஷியன் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் சேர வேண்டும். புது வீட்டு இணைப்பு, ஜாயின்ட் அடிப்பது (ஃபைபர் முனைகளை உருக்கி ஒட்டுவது), புகார் பார்ப்பது, இதுதான் வேலை என்றார்கள்.

சால்டரிங், மல்டிமீட்டர், பவர் சப்ளை பழுதெல்லாம் வரும். ஃபைபரில் அனுபவம் இல்லை. இந்த ஒரு மாதத்தில் எதைப் படிப்பது? சொந்தமாக என்ன டூல்ஸ் வாங்குவது? ஃபைபரில் அறுப்பும் இழப்பும் எத்தனை மீட்டரில் என்று காட்டும் ஓடிடிஆர் மெஷினை இப்போதே கற்க வேண்டுமா? வேறு சான்றிதழ் ஏதாவது வேண்டுமா?

மதுரை_ஜிபான்:

தம்பி, ஜாயின்ட் அடிப்பது சில நாளில் கைக்குப் பழகிவிடும், பாதி வேலையை மெஷினே பார்த்துக்கொள்ளும். நீங்கள் இந்த மாதம் உட்கார்ந்து படிக்க வேண்டியது டிபி கணக்கு, அதாவது வழியில் ஒளி எவ்வளவு குறைகிறது என்ற கணக்கு. அது தெரியாதவர் எத்தனை வருடம் வேலை பார்த்தாலும் பெட்டியை மாற்றிப் பார்ப்பது, கனெக்டரை மாற்றிப் பார்ப்பது என்றேதான் ஓடிக்கொண்டிருப்பார்.

0 டிபிஎம் என்றால் 1 மில்லிவாட். 3 டிபி குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது, 10 டிபி குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. மைனஸ் 20 டிபிஎம் என்பது 10 மைக்ரோவாட். நேற்று மைனஸ் 19 காட்டிய வீட்டில் இன்று மைனஸ் 22 வந்தால் 'கொஞ்சம் குறைஞ்சிருக்கு' என்று விட்டுவிடக் கூடாது, பாதி ஒளி எங்கேயோ போய்விட்டது.

ஒரு ஃபைபரைப் பல வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறைகளில் உள்ளூரில் பெரும்பாலும் ஜிபான் இருக்கும், சில இடத்தில் ஈபான். ஜிபானில் ஓஎல்டியிலிருந்து, அதாவது கன்ட்ரோல் ரூம் பெட்டியிலிருந்து, வீட்டுக்கு 1490 நானோமீட்டரில் 2.488 ஜிபிபிஎஸ், வீட்டிலிருந்து திரும்ப 1310-இல் 1.244. இரண்டும் ஒரே கோரில், அதாவது ஒரே கண்ணாடி இழையில். கேபிள் டிவியையும் அதே கோரில் அனுப்பினால் அது 1550. பரவலாக இருக்கும் பி-பிளஸ் வகை மாட்யூலில் ஓஎல்டி +1.5 முதல் +5 டிபிஎம் வரை விடும். வீட்டுப் பெட்டி, அதாவது ஓஎன்டி, மைனஸ் 27 வரை வாங்கும். மைனஸ் 8-ஐத் தாண்டிய வெளிச்சம் அதற்கு அதிகம். கன்ட்ரோல் ரூமில், ஒளியைப் பல காலாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் இல்லாமல் ஓஎன்டியை நேராக ஓஎல்டியில் மாட்டி டெஸ்ட் பண்ணுவார்கள், அப்போது நடுவில் ஒளியைக் குறைக்கும் 15 டிபி அட்டெனுவேட்டராவது போடுங்கள்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஓஎல்டி விடுவது +3. வீடு வரை 6 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 0.35 வீதம் 2.1 டிபி. தெருமுனையில் 1:4 ஸ்ப்ளிட்டர் 7.2. போஸ்ட்டில் 1:16 ஸ்ப்ளிட்டர் 13.8. கனெக்டர் நாலு, 0.3 வீதம் 1.2. ஜாயின்ட் ஆறு, 0.1 வீதம் 0.6. மொத்தம் 24.9. ஆக வீட்டில் மைனஸ் 21.9 வர வேண்டும்.

இப்போது மீட்டர் மைனஸ் 26 காட்டுகிறது என்று வையுங்கள். பெட்டி ஆன்லைன் வந்துவிடும், நெட்டும் ஓடும், வாடிக்கையாளரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவார். ஆனால் 4 டிபி எங்கோ ஒழுகுகிறது: அழுக்குக் கனெக்டர், கிளாம்பில் நசுங்கிய டிராப் வயர் (போஸ்ட்டிலிருந்து வீட்டுக்கு வரும் கேபிள்), ஜாயின்ட் பெட்டியின் டிரேயில் இறுக்கமாகச் சுற்றிய கோர். அன்றே தேடாமல் வந்தால் அடுத்த மழையில் அதே வீட்டுக்குத் திரும்பப் போவீர்கள். கணக்கில் வர வேண்டிய எண்ணையும் மீட்டரில் வந்த எண்ணையும் பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள். மைனஸ் 25-க்குக் கீழே இருந்தால் ஒப்படைக்க வேண்டாம். ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் புது ஜாயின்ட் சேரும், அதற்கு இடம் வைக்க வேண்டும்.

கேபிள் டிவியும் சேர்ந்து வரும் கம்பெனி என்கிறீர்கள், அதனால் இதையும் சொல்கிறேன். சாதாரண பவர் மீட்டர் உள்ளே வரும் எல்லா ஒளியையும் கூட்டிக் காட்டும். 1550 டிவி சிக்னல் பலமாக இருந்தால் மீட்டர் மைனஸ் 10 காட்டும், இன்டர்நெட்டின் 1490 மட்டும் மைனஸ் 28-இல் செத்துக் கிடக்கும். இந்த மாதிரி லைனுக்கு அலைநீளத்தைப் பிரித்துக் காட்டும் பான் மீட்டர் வேண்டும். அது கையில் இல்லாவிட்டால் ஓஎன்டியின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் (உள்ளே வரும் ஒளி) பாருங்கள்.

கோவை_ஸ்ப்ளைசர்:

மேல சொன்ன கணக்கு சரிங்க. ஆனா ஜாயின்ட்டை அவ்வளவு லேசா எடுத்துக்க வேண்டாம். மெஷின் 0.02 டிபின்னு காட்டுறது படத்தைப் பார்த்துப் போடுற மதிப்பீடு மட்டும்தான்.

வரிசை இதுதான். முதல்ல ஜாயின்ட்டை மூடிக் காக்குற ஸ்லீவை ஃபைபர்ல மாட்டணும். இதை மறந்தா ஜாயின்ட் அடிச்ச பிறகு வெட்டிட்டு மறுபடியும் ஆரம்பிக்கணும். அடுத்து 250 மைக்ரான் கோட்டிங்கை ஸ்ட்ரிப்பர்ல ஒரே இழுப்புல உரிங்க. ரெண்டு மூணு தடவை சுரண்டினா 125 மைக்ரான் கண்ணாடியில கீறல் விழும். அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, ஒரு மழைக்காலம் போனதும் ஸ்லீவுக்குள்ளயே உடையும். அப்புறம் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல நனைச்ச, பஞ்சு பிரியாத டிஷ்யூவால துடைங்க. 'கீச்'னு சத்தம் வந்தா சுத்தமாயிடுச்சு. சானிட்டைசர் வேண்டவே வேண்டாம், அதுல தண்ணியும் கிளிசரினும் இருக்கு. துடைச்ச பிறகுதான் முனையை நேரா வெட்டுற கிளீவர்ல வெட்டணும். வெட்டின முனையைத் துடைக்கவும் கூடாது, விரல் படவும் கூடாது. நேரா மெஷின்ல V பள்ளத்துல வைங்க.

கிளீவ் கோணம் 0.5 டிகிரிக்குள்ள இருந்தா நல்லது, 1 டிகிரி தாண்டினா மறுபடியும் வெட்டுங்க. கோணம் அடிக்கடி கெட்டுப்போனா மெஷினைக் குறை சொல்லாம கிளீவர் பிளேடைத் திருப்புங்க. வழக்கமா 16 நிலை இருக்கும், ஒவ்வொண்ணும் ஆயிரம் வெட்டு அளவுக்கு வரும்.

ஜாயின்ட்ல குமிழி வந்தா முனை அழுக்கு, இல்ல ஆல்கஹால் காயலை. நடுவுல இடுப்பு மாதிரி ஒல்லியாச்சுன்னா ஆர்க் (முனையை உருக்குற மின்பொறி) அதிகம், இல்ல உள்ள தள்ளினது பத்தலை. ரெண்டு கோரும் ஏறுமாறா நின்னா V பள்ளத்துல தூசி. ஊட்டியில வேலை முடிச்சு மேட்டுப்பாளையம் இறங்கினா ஆர்க் கேலிப்ரேஷன் ஓட்டாம முதல் ஜாயின்ட் அடிக்காதீங்க. காத்தழுத்தம், ஈரப்பதம், வெப்பம் எது மாறினாலும் ஆர்க்கோட சூடு மாறும்.

ஸ்லீவ் சூடாக்கினதும் உடனே எடுத்து டிரேல வைக்காதீங்க, ஆறட்டும். சூட்டோட வளைச்சா உள்ளே கம்பியோட சேர்ந்து கோரும் வளையும். டிரேல சுத்துறப்போ பழைய ஜி.652 கோருக்கு 30 மில்லிமீட்டர் ஆரம் விடுங்க. டிராப் வயர்ல வர்ற ஜி.657 ஏ1 10 மில்லிமீட்டர் வரைக்கும், ஏ2 7.5 வரைக்கும் தாங்கும். அதுக்காக ஜன்னல் சட்டத்துல மடிச்சு ஆணி அடிக்கக் கூடாது.

கோர் நிற வரிசை மனப்பாடமா வரணும்: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கருப்பு, மஞ்சள், ஊதா, ரோஸ், இளநீலம். ராத்திரி டார்ச் வெளிச்சத்துல சாம்பலையும் வெள்ளையையும் மாத்தி அடிச்சுடுவாங்க. ஹெட்லைட் வெள்ளை வெளிச்சமா இருக்கணும், மஞ்சள் வேண்டாம்.

டூல்ஸ் கேட்டீங்க. ஸ்ப்ளைசிங் மெஷின், ஓடிடிஆர் கம்பெனி தரும், கடன் வாங்கி வாங்காதீங்க. சொந்தமா ஒரு நல்ல ஸ்ட்ரிப்பர், டிராப் வயர் ஸ்ட்ரிப்பர், பவர் மீட்டர், ரெட் லைட் பேனா, எஸ்சி கனெக்டருக்கான 2.5 மில்லிமீட்டர் ஒன்-கிளிக் கிளீனர். இதுல கிளீனரைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க. அதைத்தான் முதல்ல வாங்கணும். இழைக்குள்ள ஒளி போற நடுப்பகுதி 9 மைக்ரான்தான், சட்டை நுனியில துடைச்சா ஒரு பஞ்சு இழையே அதை மூடிடும். வாயால ஊதுறது அதைவிட மோசம், எச்சில் படியும்.

ஜாயின்ட் அடிக்காமலே மாட்டுற ஃபாஸ்ட் கனெக்டர் பழக்கம் வேண்டாம். பிக்டெயில் (ஒரு முனையில கனெக்டரோட வர்ற ஃபைபர் துண்டு) வச்சு ஜாயின்ட் அடிங்க.

நெல்லை_ஃபால்ட்:

ஃபாஸ்ட் கனெக்டரை முழுசா ஒதுக்க முடியாது. ராத்திரி 9 மணிக்கு ஒரு வீட்டு டிராப் அறுந்தால் மெஷின் வேறு ஊரில் இருக்கும். அப்போது போட்டுக் கொடுக்கலாம், ஆனால் அதைத் தற்காலிகம் என்று புகார் டிக்கெட்டில் எழுத வேண்டும். உள்ளே இருக்கும் ஜெல் வெயிலில் வறளும், 0.3 டிபியில் தொடங்கியது கோடையில் 2, 3 டிபிக்குப் போகும். வீட்டுக்குள் என்றால் கொஞ்சம் தாங்கும், மொட்டை மாடிப் பெட்டியில் தாங்காது.

பச்சை கனெக்டர் ஏபிசி, 8 டிகிரி சாய்த்துத் தேய்த்தது. நீலம் யூபிசி, சாய்வில்லாதது. அடாப்டரில் இரண்டும் மாட்டும், ஆனால் முனைக்கு முனை ஒட்டாது. சில டிபி போவதோடு ஒளி திரும்பி அடித்து டிவி படத்தையும் கெடுக்கும்.

கேபிள் டிவி காலத்து லைனில் வேலை பார்க்கப் போகிறீர்கள் என்றால், ஒளியைச் சமமில்லாமல் இரண்டாகப் பிரிக்கும் கப்ளர் பற்றித் தெரிய வேண்டும். போஸ்ட் போஸ்டாக 90:10, 80:20 கப்ளர் போட்டு இறக்கிக்கொண்டே போயிருப்பார்கள். 80:20 என்றால் நேராகப் போகும் காலில் சுமார் 1.2 டிபி, இறங்கும் காலில் 7.3 அளவுக்குப் போகும். 90:10-இல் கால் மாற்றி மாட்டினால் அந்த போஸ்ட்டுக்குப் பிறகு இருக்கும் அத்தனை வீட்டுக்கும் 10 டிபி விழும். இன்னொரு சிக்கல்: பழைய கப்ளர்களில் 1550-க்கு மட்டும் செய்தவை உண்டு. அதே கப்ளரில் 1490, 1310 விட்டால் எழுதியிருக்கும் விகிதம் வராது. ஜிபான் ஓட வேண்டிய இடத்தில் 1260 முதல் 1650 வரை சீராகப் பிரிக்கும் பிஎல்சி ஸ்ப்ளிட்டருக்கு மாற்றச் சொல்லுங்கள்.

புகார் வந்தால் வண்டியை எடுக்கும் முன் ஓஎல்டி ஆளிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை வீடு போயிருக்கிறது? கடைசியாக என்ன அலாரம்? ஒரு வீடு என்றால் டிராப். ஒரு ஸ்ப்ளிட்டரின் எல்லா வீடும் என்றால் அந்த ஸ்ப்ளிட்டருக்கு உள்ளே வரும் கோர். போர்ட் முழுவதும் என்றால் மெயின் கேபிள் அல்லது ஓஎல்டி மாட்யூல். அலாரம் 'டையிங் காஸ்ப்' என்றால் வீட்டில் கரண்ட் போயிருக்கிறது அல்லது அடாப்டர் போயிருக்கிறது, ஃபைபரைத் தொட வேண்டாம். அந்த அலாரம் வராமல் சட்டென்று எல்ஓஎஸ் (ஒளி வரவில்லை) என்றால் அறுப்பு.

நம் ஊரில் அடிக்கடி பார்ப்பது: அணில் கடித்த டிராப், ஜேசிபி வெட்டு, எறும்பு கூடு கட்டிய போஸ்ட் பெட்டி, லாரி உயரத்தில் மாட்டி இழுத்தது. லாரி இழுத்தால் அறுந்த இடத்தில் மட்டும் பார்க்காதீர்கள். இழுவை அடுத்த ஜாயின்ட் பெட்டி வரை போய் டிரேயில் கோரை இறுக்கியிருக்கும்.

திண்டுக்கல்_இஎம்:

மிக்க நன்றி அண்ணா. இரண்டு சந்தேகம். பவர் மைனஸ் 20 வருகிறது, எல்ஓஎஸ் சிவப்பு எரியவில்லை, ஆனால் பான் லைட் மினுக்கிக்கொண்டே இருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? ஓஎன்டி வெளியே விடும் 1310-ஐ அதன் போர்ட்டில் மீட்டர் வைத்துப் பார்க்க முடியுமா?

மதுரை_ஜிபான்:

வரும் ஒளி சரி, பதிவு ஆகவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் ஓஎல்டியில் சீரியல் நம்பர் ஏற்றவில்லை அல்லது ஒரு எழுத்து தப்பு. 0-க்கும் O-வுக்கும், 8-க்கும் B-க்கும் இடையில்தான் தப்பு நடக்கும். போட்டோ எடுத்து அனுப்புங்கள், போனில் படித்துச் சொல்லாதீர்கள். சீரியல் சரி என்றால் திரும்பிப் போகும் 1310 பாதையைச் சந்தேகப்படுங்கள்.

அதை ஓஎன்டி போர்ட்டில் மீட்டர் வைத்துப் பார்க்க முடியாது. ஓஎல்டி நேரம் ஒதுக்கினால்தான் ஓஎன்டி ஒளி விடும், அதுவும் மைக்ரோ விநாடிக் கணக்கில் துண்டு துண்டாக. மீட்டரை மாட்டிய நொடியே ஓஎல்டியின் ஒளி ஓஎன்டிக்கு வராது, அது பேசாமல் இருந்துவிடும். 'ஓஎன்டி லேசர் செத்துப்போச்சு' என்று நல்ல பெட்டியைக் கழற்றிப் போவது இதனால்தான். லைனுக்கு நடுவில் இணைத்து இரு பக்கமும் அளக்கும் பான் மீட்டர் வேண்டும். அல்லது ஓஎல்டி பக்கம் அந்த ஓஎன்டியின் ஆர்எக்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள், மைனஸ் 28-க்கு மேலே இருக்க வேண்டும்.

இதற்கு நேரெதிராக ஒரு கெட்ட ஓஎன்டி நேரம் பார்க்காமல் ஒளியை விட்டுக்கொண்டே இருப்பதும் உண்டு. அப்போது அந்த போர்ட்டில் இருக்கும் எல்லா வீடும் விழுந்து விழுந்து எழும், ஆனால் எங்கே அளந்தாலும் பவர் சரியாக இருக்கும். ஸ்ப்ளிட்டர் காலை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் மற்ற வீடெல்லாம் விழாமல் நிலையாக நிற்கிறதோ அந்த வீட்டுப் பெட்டிதான்.

சேலம்_லேன்:

வீட்டுக்குள் வரும் புகாரில் பாதிக்கு மேல் ஃபைபருக்குச் சம்பந்தமே இருக்காது, இதை யாரும் சொல்லவில்லை. '300 எம்பி பிளான், 94-க்கு மேல் வரவில்லை' என்றால் லேன் கேபிள். ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். 1, 2, 3, 6 மட்டும் சரியாக இருந்தால் 100-க்கு இறங்கிவிடும். கிரிம்ப் வரிசை பி: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. அலுமினியத்தில் தாமிரம் பூசிய மலிவு கேபிள் வேண்டாம், கிரிம்ப் பண்ணிய இடத்தில் தளரும்.

வைஃபை 2.4-இல் சேனல் 1, 6, 11 மூன்றுதான் ஒன்றோடொன்று மோதாது. வேகத்தை முதலில் லேனில் அளந்து காட்டிவிட்டு, பிறகு வைஃபையில் அளந்து காட்டுங்கள். எங்கே குறைகிறது என்று வாடிக்கையாளரே பார்த்துவிடுவார். ஓஎன்டியை பீரோ மேலோ டிவிக்குப் பின்னாலோ வைத்துவிட்டு வராதீர்கள்.

திருச்சி_சேஃப்டி:

பாதுகாப்பை யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். ஈபி போஸ்ட்டில் அனுமதியும் லைன் ஆஃபும் இல்லாமல் ஏறவே ஏறாதீர்கள், யார் சொன்னாலும் சரி. அலுமினிய ஏணி வேண்டாம், ஃபைபர்கிளாஸ் அல்லது மூங்கில். டிராப் வயருக்குள் ஸ்டீல் கம்பி இருந்தால் அது கரண்ட்டைக் கடத்தும். எறிந்து இழுக்கும்போது மேலே 11 கேவி லைன் இருக்கிறதா என்று பாருங்கள். உலோகம் இல்லாத எஃப்ஆர்பி டிராப் கேட்டு வாங்குங்கள்.

டிவி பக்கம் ஒளியைப் பெருக்கும் ஈடிஎஃப்ஏ பெட்டி இருக்கும். அதன் போர்ட் ஒவ்வொன்றும் +20 டிபிஎம் வரை, அதாவது 100 மில்லிவாட் 1550 ஒளி விடலாம். கண்ணுக்குத் தெரியாது, இமையும் மூடாது, கண்ணின் முன்படலமான கார்னியாவைச் சுட்டுவிடலாம். கனெக்டரைக் கழற்றும் முன் அவுட்புட்டை அணையுங்கள். தூசியோடு மாட்டினால் கனெக்டர் முனையே கருகும்.

வெட்டிய ஃபைபர் துண்டுகளை மூடி போட்ட டப்பாவில் போடுங்கள். தரையில் விட்டால் அந்த வீட்டுக் குழந்தை காலில் ஏறும்.

சான்றிதழ் கேட்டீர்கள். உங்கள் ஐடிஐ போதும். டெலிகாம் துறைக்கான திறன் கவுன்சில் நடத்தும் ஆப்டிகல் ஃபைபர் ஸ்ப்ளைசர் பயிற்சி கிடைத்தால் செய்யுங்கள், பெரிய நிறுவனத்துக்கு மாறும்போதும் பாரத்நெட் போன்ற அரசுத் திட்டங்களின் ஒப்பந்த வேலைக்கும் உதவும். டவர் பக்கம் போக நினைத்தால் உங்கள் பவர் சப்ளை அறிவு நேரடியாகப் பயன்படும். அங்கே மைனஸ் 48 வோல்ட், 2 வோல்ட் செல் 24, ஃப்ளோட்டில் (நிரம்பிய பேட்டரியைத் தாங்கும் சார்ஜில்) 54 வோல்ட்.

நெல்லை_ஃபால்ட்:

ஓடிடிஆர் கேள்வி விட்டுப்போனது. முதல் மாதமே மெஷினை ஓட்ட வேண்டாம், ஆனால் அடுத்தவர் ஓட்டும்போது படத்தைப் பார்த்துப் பழகுங்கள். 1310-இல் 0.1 டிபி, அதே இடத்தில் 1550-இல் 0.8 டிபி என்றால் அது வளைவு, ஜாயின்ட் கெட்டதல்ல. இரண்டிலும் ஒரே அளவு என்றால் ஜாயின்ட். ஓடும் லைனில் 1310, 1550 போடக் கூடாது. ஃபில்டர் உள்ள 1625 அல்லது 1650 போர்ட்டில்தான் பார்க்க வேண்டும். ஸ்ப்ளிட்டர் உள்ள லைனை வீட்டுப் பக்கத்திலிருந்து மேலே நோக்கிப் பாருங்கள். ஓஎல்டி பக்கமிருந்து பார்த்தால் எல்லாக் காலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழப்பும். சின்ன தூரத்துக்கு 10 முதல் 30 நானோ விநாடி பல்ஸ் போதும், பெரிய பல்ஸ் போட்டால் பக்கத்துப் பக்கத்து ஜாயின்ட் ஒன்றாகத் தெரியும்.

அறுந்த இடத்தைத் தேடும் முறையைச் சொல்கிறேன், இதில்தான் அதிக நேரம் வீணாகும். ஓடிடிஆர் 2,340 மீட்டரில் அறுப்பு என்றால் பைக் மீட்டரை வைத்து 2,340 ஓட்டாதீர்கள். அது கண்ணாடி இழையின் நீளம். போஸ்ட்டில் சுற்றி வைத்த லூப்பெல்லாம் அதில் சேரும், குழாய்க்குள் இழை வளைந்து வளைந்து போவதால் கேபிளைவிட ஒரு சதவீதம் அளவுக்குக் கூடுதலாகவும் இருக்கும். அதனால் படத்தில் தெரியும் கடைசி ஜாயின்ட்டைப் பிடியுங்கள். அது 1,980 என்றால் அறுப்பு அங்கிருந்து 360 மீட்டர் இழை தள்ளி, கேபிள் கணக்கில் சுமார் 356. அந்த ஜாயின்ட் பெட்டியிலிருந்து வெளியேறும் கேபிள் உறையில் அச்சிட்ட மீட்டர் எண்ணைப் படியுங்கள். 4,112 என்று இருந்து, எண் ஏறிக்கொண்டே போனால் 4,468-ஐத் தேடுங்கள், இறங்கினால் 3,756. உறை எண்ணில் லூப்பும் அடக்கம், அதனால் அதைத் தனியாகக் கழிக்க வேண்டாம். சாலையில் நடந்து அளப்பதாக இருந்தால் மட்டும் வழியில் உள்ள லூப்பைக் கழியுங்கள்.